வலையிலிருந்து நெய்த கால்சட்டை: அவுட்டர்நோனின் எக்கோனில் போர்டுஷார்ட்ஸ்

பழைய மீன்வலையிலிருந்து உடை செய்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் இன்று பெருகிவிட்டன. அவற்றுள் எதை நம்பி வாங்கலாம், எதை விளம்பரச் சொல்லாக மட்டும் கொள்ள வேண்டும் என்பதை அறிய விரும்பும் வாசகர்களுக்காக, அமெரிக்காவின் அவுட்டர்நோன் நிறுவனம் தன் ‘எவல்யூஷன்’ வரிசையில் வெளியிட்ட போர்டுஷார்ட்ஸை இங்கே விரிவாக மதிப்பிடுகிறேன். அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் அணியும், இடுப்பில் நாடாவால் முடிந்துகொள்ளும் கால்சட்டை இது. இதன் துணி எக்கோனில் என்னும் மறுசுழற்சி நைலான் நூலால் நெய்யப்பட்டது. கலிஃபோர்னியாவில் வசிக்கும் உறவினர் ஒருவர் தாம் வாங்கிச் சில பருவங்கள் அணிந்த பிறகு இதை எனக்குக் கொடுத்தார். அதன்பின் கோவளத்திலும் எங்கள் ஊர்க் கரையிலும் இது நிறையவே உப்புநீரில் ஊறி, வெயிலில் காய்ந்திருக்கிறது.

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் துணியின் தரம் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடிக்கு அருகில், வலையும் வள்ளமுமாக வாழ்ந்த ஒரு மீனவர் ஊரில். ஆகவே இந்த உடையில் தையலைப் பற்றியும் சொல்ல எனக்கு இருக்கிறது, வலையைப் பற்றியும் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி மிகச் சிறந்தது. வலையிலிருந்து நூல் வருகிறது என்னும் கூற்று உண்மை. ஆனால் அந்த வலை எந்தக் கடலிலிருந்து, யார் கையிலிருந்து வந்தது என்னும் கேள்விக்கு இந்த உடை பாதி விடைதான் தருகிறது. இத்தகைய உடைகளுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமாவது அந்த மீதிப் பாதியால்தான் என்பது என் உறுதியான கருத்து.

அவுட்டர்நோனைத் தொடங்கியவர் கெல்லி ஸ்லேட்டர். ஆண்களுக்கான அலைச்சறுக்கு உலகப் பட்டத்தை 11 முறை வென்றவர். முதல் பட்டத்தை 1992இல் 20 வயதிலும், கடைசிப் பட்டத்தை 2011இல் 39 வயதிலும் பெற்றார். அவர் 1972இல் ஃபுளோரிடாவின் கோக்கோ பீச்சில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கே தூண்டில் இரை விற்கும் கடை நடத்தியவர். உலகப் பட்டங்களைவிட இந்தக் கடைச் செய்தியையே நான் பெரிதாக எண்ணுகிறேன். இரையும் தூண்டில் நரம்பும் விற்ற காசில் சோறு உண்டு வளர்ந்த பிள்ளைக்குக் கடல் என்பது விடுமுறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும் இடமாக இருந்திருக்காது. மீன் படாத நாளில் கடையில் வியாபாரம் இருக்காது என்பதும், கரைக்கு வந்து சேரும் குப்பை நேற்று யாரோ கடலில் விட்டது என்பதும் அப்படிப்பட்ட பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே தெரிந்துவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம்மை ஆதரித்துவந்த குவிக்சில்வர் நிறுவனத்தை ஸ்லேட்டர் 2014இல் விட்டு விலகினார். அடுத்த ஆண்டே வடிவமைப்பாளர் ஜான் மூருடன் சேர்ந்து, பிரான்சின் கெரிங் குழுமத்தின் ஆதரவோடு அவுட்டர்நோனைத் தொடங்கினார். அலைச்சறுக்கு உடை விற்கும் பெருநிறுவனங்கள் பல, விளையாட்டை வளர்த்த அதே கடலைத் தங்கள் உற்பத்தியால் கெடுத்தன என்னும் மனக்குறை அவருக்கு இருந்தது. வீரர் ஒருவர் தம் பெயரைக் கடன் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இத்துறையில் வழக்கம். துணி எங்கிருந்து வருகிறது, தைப்பவருக்கு என்ன கூலி கிடைக்கிறது என்னும் இடத்திலிருந்து இந்நிறுவனம் தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. தொழிலாளர் நிலையைக் கண்காணிக்கும் ஃபேர் லேபர் அசோசியேஷன் என்னும் அமைப்பில் அது தொடக்கத்திலேயே இணைந்துகொண்டது. திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். கூலியையும் பணிநேரத்தையும் வெளியாள் வந்து கணக்குப் பார்க்கட்டும் என்று, பெயர் எடுப்பதற்கு முன்பே ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் குறைவு.

இனி உடைக்கு வருகிறேன். கையில் எடுத்தவுடன் முதலில் உணர்வது இதன் எடையின்மை. நெசவு நெருக்கமானது, ஆனால் விறைப்பு இல்லை. தொடையின் உட்புறத் தையல் தட்டையாக இருப்பதால் பலகையின் மீது நெடுநேரம் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவும்போதும் தோல் உரசிச் சிவப்பதில்லை. உப்பு படிந்த தோலில் தையல்மேடு உரசினால் எப்படி எரியும் என்பது கடலில் நீண்ட நேரம் நின்றவர்களுக்குத் தெரியும். இழுவிசை அதிகம் விழும் இடங்களில், அதாவது பையின் வாய், நாடாத் துளை, கால் பிரியும் இடம் ஆகியவற்றில், பார்டேக் என்னும் நெருக்கமான வலுத் தையல் ஒழுங்காகப் போடப்பட்டிருக்கிறது. இரண்டு பேர் அணிந்து பழகிய பிறகும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. சாயமும் நன்றாக நிலைத்திருக்கிறது.

துணியில் எலாஸ்டேன் கலப்பு இல்லை. இன்று சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான போர்டுஷார்ட்ஸில் நீட்சிக்காக எலாஸ்டேன் சேர்க்கிறார்கள். அவற்றை அணிந்து பழகியவர்களுக்கு இது முதலில் சற்று இறுக்கமாகத் தோன்றலாம், குந்தி எழும்போது வேறுபாடு தெரியும். எனினும் இந்தத் தேர்வை நான் மதிக்கிறேன். நைலானோடு எலாஸ்டேன் கலந்துவிட்டால் அந்த உடையைப் பின்னாளில் மறுபடியும் நூலாக்குவது மிகக் கடினம். வலையிலிருந்து உடை செய்தோம் என்று பெருமை கொள்ளும் ஒருவர், அந்த உடையை மறுபடி நூலாக்க முடியாதபடி கலப்புத் துணியாக்கினால், குப்பைமேட்டுக்குப் போவதைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தவர் மட்டுமே ஆகிறார். ஒரே இழையால் நெய்த துணிக்கு இன்னொரு பிறவி எடுக்கும் வாய்ப்பாவது இருக்கிறது.

நைலான் இழைக்கு உரிய குணங்கள் சிலவற்றையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். பாலியெஸ்டர் ஏறக்குறைய ஈரமே உறிஞ்சாத இழை. நைலான் தன் எடையில் சுமார் 4 விழுக்காடு ஈரத்தை இழைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எனவே கரையேறிய பின் இது காய்வதற்குப் பாலியெஸ்டர் கால்சட்டையைவிடச் சற்று அதிக நேரம் எடுக்கும். மாறாக, உராய்வைத் தாங்கும் வலிமையில் நைலானே மேல். பலகையில் பூசும் மெழுகும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும் இடத்தில் அந்த வலிமைதான் உடையைக் காப்பாற்றுகிறது. கடும் வெயில் நைலானை மெல்ல மெல்லப் பலவீனமாக்கும், நீச்சல்குளத்துக் குளோரினும் அப்படியே. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் நெடுநாள் உழைக்கும்.

இந்தத் துணியின் உயிர் எக்கோனில் நூல். இத்தாலியின் ஆர்கோவில் 1965இல் தொடங்கப்பட்ட அக்வாஃபில் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. ஜூலியோ பொனாட்சியின் தலைமையில் அந்நிறுவனம் 2011இல் ஸ்லோவேனியத் தலைநகர் லியுப்லியானாவில் இதற்கான ஆலையைத் தொடங்கியது. அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் உடையின் தகுதி முழுவதும் இதில்தான் இருக்கிறது. மீன்வலைகளில் பல நைலான் 6 என்னும் வகை. இது காப்ரோலாக்டம் என்ற ஒரே மூலக்கூறைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. வலையிலிருந்து ஈயத்தையும் மிதவையையும் வேறு வகைக் கயிறுகளையும் பிரித்தெடுத்து, கழுவி, துண்டாக்கி, வெப்பத்தாலும் வேதிவினையாலும் அந்தச் சங்கிலியை அவிழ்த்துவிட்டால் மறுபடி காப்ரோலாக்டம் கிடைக்கிறது. அதைத் தூய்மையாக்கி மீண்டும் கோத்து நூலாக இழுக்கிறார்கள். இப்படி வரும் நூலுக்கும் கச்சா எண்ணெயிலிருந்து புதிதாகச் செய்த நைலான் 6 நூலுக்கும் தரத்தில் வேறுபாடு இல்லை. பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கி நூலாக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு சுற்றிலும் தரம் சிறிது குறையும். இங்கே அந்தக் குறைவு இல்லை. இம்முறையில் 10,000 டன் காப்ரோலாக்டம் செய்தால் 70,000 பீப்பாய் கச்சா எண்ணெய் மிச்சமாகிறது என்பது அக்வாஃபில் தரும் கணக்கு.

தரம் பார்க்கும் வேலையில் நைலானைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் உருகிக் கடினமான மணியாகும். ஃபார்மிக் அமிலத்தில் இட்டால் நைலான் 6 கரைந்துவிடும், பாலியெஸ்டர் அப்படியே கிடக்கும். ஆனால் அந்த நைலான் பழைய வலையிலிருந்து வந்ததா, எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா என்று எந்தத் துணி ஆய்வகமும் நூலைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனெனில் இரண்டும் ஒரே பொருள். ஆகவே நம்பிக்கை முழுவதும் தாளில் இருக்கிறது. ஆலையிலிருந்து நூற்பாலைக்கு, அங்கிருந்து நெசவாளருக்கு, பின் தைப்பவருக்கு என்று ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாகி, வெளியாள் ஒருவரால் சரிபார்க்கப்பட வேண்டும். திருப்பூரில் ‘டிசி’ என்று நாங்கள் சொல்லும் பரிமாற்றச் சான்றிதழ் இதற்குத்தான். குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு என்னும் தர நெறியின்படி ஒரு பொருளில் 20 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருந்தால் சான்று பெறலாம். அந்த முத்திரையை உடையில் பொறிக்க வேண்டுமானால் 50 விழுக்காடாவது இருக்க வேண்டும். எக்கோனில் போன்று ஒரே நிறுவனம் வலையை வாங்கி நூல் வரை தானே செய்யும்போது இந்தச் சங்கிலி குறுகியதாகிறது, பிழைக்கும் பொய்க்கும் இடம் குறைகிறது. இந்தப் போர்டுஷார்ட்ஸை நான் பரிந்துரைக்க இது ஒரு முக்கியமான காரணம்.

எனினும் எக்கோனில் என்றவுடன் கடலின் அடியிலிருந்து இழுத்தெடுத்த வலை என்று முழுமையாக எண்ணிவிடக் கூடாது. வலைகளின் முக்கியமான ஓர் ஊற்று நார்வே போன்ற நாடுகளின் மீன்பண்ணைகள். கடலில் கூண்டு கட்டி சால்மன் வளர்க்கும் அப்பண்ணைகள், ஆயுள் முடிந்த கூண்டு வலைகளைக் கரையிலேயே ஒப்படைக்கின்றன. இவற்றோடு பழைய தரைவிரிப்புகளின் இழையும், ஆலைகளில் மிஞ்சும் நைலான் கழிவும் சேர்கின்றன. கடலுக்கடியில் கிடக்கும் வலைகளை எடுக்கும் பணி 2013இல் தொடங்கப்பட்ட ஹெல்தி சீஸ் என்னும் அமைப்பின் வழியாக நடக்கிறது. கோஸ்ட் டைவிங் என்ற தன்னார்வ முக்குளிப்பாளர் குழுவினர் மூழ்கிய கப்பல்களில் சிக்கிக் கிடக்கும் வலைகளை அறுத்து மேலே கொண்டுவருகிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது, மதிக்கிறேன். ஆனால் நெடுநாள் கடலில் கிடந்து சிப்பியும் பாசியும் மண்டிய வலையைச் சுத்தம் செய்வது கடினம், அளவும் பண்ணை வலைகளுக்கு ஈடாகாது. கரையில் ஒப்படைக்கப்படும் வலையும் ஒரு வகையில் கடலுக்குப் போகாமல் தடுக்கப்பட்ட வலைதான், அதனால் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. உடையை விற்பவர்கள் இந்தப் பங்கீட்டை வெளிப்படையாகச் சொன்னால் வாங்குபவரின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

நைலான் வலையின் தன்மையை எங்கள் கரை நன்றாக அறியும். என் தாத்தா காலத்தில் வலை பருத்தி நூலாலும் சணலாலும் ஆனது. அது கடலில் மக்கிவிடாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைப்பார்கள். அவ்வளவு பாடுபட்டும் சில பருவங்களுக்கு மேல் அது தாங்காது. தொலைந்துபோன வலை கடலிலேயே மக்கிப்போகும். நைலான் வந்தபோது மீனவருக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது, தோய்க்க வேண்டாம், உலர்த்த வேண்டாம், கனமும் இல்லை. பிறகு தங்கூசி வலை வந்தது. ஒற்றை இழையால் ஆன, தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத அந்த வலை விலை குறைவு, மீனும் நன்றாகப் படும். ஆனால் கிழிந்தால் பொத்துவது பயனில்லாத வேலை. பருத்தி வலையையும் பல இழை நைலான் வலையையும் கரையில் உட்கார்ந்து பொத்திப் பொத்தி ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள், தங்கூசியைக் கிழிந்தவுடன் கழித்துப்போடப் பழகினார்கள். நைலானின் மக்காத தன்மை மீனவருக்கு வரமாக வந்தது. கைவிடப்பட்ட வலையில் அதுவே கேடாகிறது, ஆளில்லாமலேயே அது மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் மீது இத்தகைய வலைகள் படிந்து, பவளத்தை மூடி உடைப்பதைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் பதிவுசெய்திருக்கிறது. உலக அளவில் பார்த்தாலும் நிலை இதுதான். வட பசிபிக்கில் சுழன்றுகொண்டிருக்கும் பெருங்குப்பைப் பரப்பில் எடையில் 46 விழுக்காடு மீன்வலை என்று 2018இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இதைச் சொல்லும்போது மீனவரைக் குற்றவாளியாக்குவது எனக்கு உடன்பாடில்லை. வலை என்பது கடன் வாங்கிப் போட்ட முதல். புயலிலோ, விசைப்படகு குறுக்கே ஓடி அறுத்தோ அது தொலைந்தால் முதலில் அழுபவர் அவர்தான். கிழிந்த வலையை எங்கே கொடுப்பது என்பதற்கு அண்மைக்காலம் வரை அவருக்கு வழியே இருந்ததில்லை. கொஞ்சம் வீட்டுத் தோட்டத்து வேலியாகும், கொஞ்சம் கருவாடு காயும் இடத்தில் காக்கை வராமல் மூடப் பயன்படும், மீதி எரிக்கப்படும் அல்லது கரையில் கிடக்கும். இப்போது தமிழ்நாடு அரசு காசிமேட்டில் பழைய வலைகளை விலை கொடுத்து வாங்கும் முயற்சியைத் தொடங்கியிருப்பது நல்ல திருப்பம்.

உடையின் வடிவமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோர இளமையை நினைவூட்டும் உடை என்றால் பலரும் அலையையும் சங்கையும் ஆமையையும் துணியில் அச்சிடுகிறார்கள். அவுட்டர்நோனின் போக்கு அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. நிறங்கள் அடங்கியவை, பெரிய முத்திரைகள் இல்லை, படம் இல்லை. இந்தப் போர்டுஷார்ட்ஸின் கடல் நினைவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலகையில் உட்காரும்போது மடிப்பு குத்தாத இடுப்புப்பட்டியிலும், ஈரக் கையால் ஒரே இழுப்பில் அவிழும் நாடா முடிச்சிலும், தண்ணீர் தேங்காமல் வடியும் பையிலும் இருக்கிறது. கடலில் நெடுநாள் இருந்தவர் சொல்லிக்கொடுத்துத் தைத்த உடை என்பது அணிந்தவுடன் தெரிகிறது. குப்பையிலிருந்து உடை செய்யும் வடிவமைப்பாளர்கள் பலர், அது குப்பையிலிருந்து வந்தது என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுவதில் ஆர்வம் கொள்கிறார்கள். கிழிந்த வலையை அப்படியே தோளில் போர்த்தி மேடையில் நடக்கவிடும் காட்சிகளுக்கு ஒரு பயன் உண்டு, பார்ப்பவரை ஒரு கணம் நிறுத்தும். அன்றாடம் அணியும் உடைக்கு அது உதவாது. நல்ல உடையாக இருப்பதே தன் முதல் கடமை என்று உணர்ந்து செய்த வேலை இது, எனக்கு இதுவே நிறைவு தருகிறது.

ஒப்பீட்டுக்காக இன்னொரு அனுபவத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நிறுவனத்தின் நீச்சல் சட்டையை, சீட்டில் கடல், பிளாஸ்டிக் என்னும் இரு சொற்களும் பெரிதாக இருந்ததைப் பார்த்து வாங்கினேன். சிறு எழுத்தைப் படித்தபோது, கடலை நோக்கிச் செல்லக்கூடிய பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தது. இத்தொடருக்குத் துறையில் வழங்கும் அளவுகோல், கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், முறையாகக் குப்பை அள்ளாத இடத்தில் சேகரித்த பிளாஸ்டிக் என்பதாகும். அந்தக் கணக்கில் சென்னையிலும் கடலூரிலும் தூத்துக்குடியிலும் தெருவோரத்தில் கிடக்கும் எந்தத் தண்ணீர்ப் புட்டியும் அடங்கிவிடும். அவற்றைச் சேகரிப்பது நல்ல வேலைதான், செய்யட்டும். ஆனால் வாங்குபவர் மனத்தில் ஆமையின் கழுத்தில் சுற்றிய வலையைக் காட்டிவிட்டு, கையில் தெருப் புட்டியைக் கொடுப்பது நேர்மையான வியாபாரம் ஆகாது. அந்தச் சட்டையில் மறுசுழற்சி இழை எவ்வளவு விழுக்காடு என்றுகூட எங்கும் குறிப்பிடவில்லை. எழுதிக் கேட்டேன், நன்றி சொல்லிப் பதில் வந்தது, எண் வரவில்லை.

வலை யார் கையிலிருந்து வந்தது என்னும் கேள்விக்கு இன்னும் தெளிவான விடை தரும் முயற்சி ஒன்று உண்டு. 2013இல் தொடங்கிய புரேயோ நிறுவனம் சிலி நாட்டு மீனவர்களிடமிருந்து பழைய வலைகளைச் சேகரித்து, அதற்கு ஈடாக அம்மீனவர் ஊர்களுக்குப் பணம் சேரும்படி செய்கிறது. முதலில் வலையிலிருந்து, தரையில் சக்கரத்தில் ஓடும் ஸ்கேட்போர்டு பலகை செய்தார்கள். பின்னர் அந்தப் பொருளை நெட்பிளஸ் என்ற பெயரில் பிற நிறுவனங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். படகோனியா என்னும் அமெரிக்க உடை நிறுவனம் அதை முதலில் தொப்பியின் முன்விளிம்புக்குப் பயன்படுத்தியது, 2022இல் தன் புகழ்பெற்ற இறகு அடைத்த ஜாக்கெட்டின் மேல்துணியையே அதனால் நெய்தது. இந்த ஏற்பாட்டில் மீனவர் கதையின் ஓரத்தில் நிற்கவில்லை, வலையை விற்பவராக, பங்காளியாக இருக்கிறார். துணித் தரத்தில் எக்கோனிலும் நெட்பிளஸும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. மீனவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் புரேயோவின் வழியே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. அவுட்டர்நோன் போன்ற நிறுவனங்கள் தங்கள் நூல் தரும் ஆலையிடம் இதைக் கேட்டு வாங்கி, உடையின் சீட்டில் எழுத வேண்டும். எந்தத் துறைமுகம், எந்த வகை வலை, கிலோவுக்கு என்ன விலை என்பவை இரகசியமாக இருக்க வேண்டிய செய்திகள் அல்ல.

இந்திய வாசகர்களுக்கு இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நம் கரையில் செவுள் வலைகள் பெரும்பாலும் நைலான், எனவே இம்முறைக்கு ஏற்றவை. விசைப்படகுகளின் இழுவை மடி பெரும்பாலும் எச்டிபிஇ என்னும் வேறு பிளாஸ்டிக்கால் ஆனது. கயிறுகள் வேறு வகை. இவற்றை உடையாக்கும் நூலாக மாற்ற இந்த ஆலை முறை உதவாது. அவற்றிலிருந்து நாற்காலியும் பலகையும் குழாயும் செய்யலாம். ஆகவே கரையிலேயே வலைகளை வகை பிரிப்பது முதல் வேலை. கையில் எடுத்துப் பார்த்தவுடனே இது தங்கூசி, இது மடித் துண்டு என்று சொல்லும் அறிவு எங்கள் ஊர்ப் பெண்களிடம் நிறையவே இருக்கிறது. அந்த அறிவுக்குக் கூலி கிடைக்கும் நாள் வரவேண்டும் என்பது என் விருப்பம்.

விலை அதிகம் என்னும் குரல் அவுட்டர்நோன் தொடங்கிய காலத்திலேயே எழுந்தது. நம் நாணயத்தில் கணக்கிட்டால், நம் ஊரில் ஒரு குடும்பத்தின் தீபாவளித் துணிக்கு ஆகும் செலவை இந்த ஒரு கால்சட்டை விழுங்கிவிடும். மறுசுழற்சி நூல் புது நூலைவிட விலை கூடியது என்பதும், தைப்பவருக்கு முறையான கூலி கொடுத்தால் விலை ஏறும் என்பதும் நான் தொழிலில் கண்ட உண்மை. ஆயினும் கப்பல் செலவும் சுங்க வரியும் சேர்த்து இதைப் புதிதாக இறக்குமதி செய்யுமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலமாகவோ, பழைய உடை விற்கும் தளங்கள் வழியாகவோ கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஒருவர் அணிந்து கழித்த பிறகும் இதில் நிறைய ஆயுள் மிச்சமிருக்கும். மறுசுழற்சி உடையைக் கடல் கடந்து விமானத்தில் வரவழைப்பதைவிட, இருக்கும் உடை ஒன்று கைமாறுவது கடலுக்கும் நல்லது.

மாமல்லபுரத்தில் 2025இல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்த பிறகு நம் கரையில் இவ்விளையாட்டைக் கற்போர் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்காக அணியும் முறை பற்றிச் சில செய்திகள். நீட்சி இல்லாத துணி என்பதால் இடுப்பளவை ஈரத்துணியின் மேல் அளக்காமல், காய்ந்த நிலையில் சரியாக அளந்து, ஐயம் இருந்தால் ஓர் அளவு பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகு ஒட்டினால் வெந்நீரை ஊற்ற வேண்டாம், உருகி இழைக்குள் இறங்கிவிடும். குளிரவைத்துக் கெட்டியானதும் விரல் நகத்தால் சுரண்டி எடுக்கலாம். சலவை இயந்திரத்தில் தோய்த்தால் செயற்கை இழைத் துணிகள் நுண்ணிழைகளை உதிர்க்கும், அவை கடைசியில் கடலுக்கே போகும். நீண்ட இழையால் நெருக்கமாக நெய்த இத்துணி, பஞ்சுபோல் மேற்பரப்பு எழுப்பிய ஃபிளீஸ் துணிகளைவிட மிகக் குறைவாகவே உதிர்க்கும். இருந்தாலும் கையால் அலசுவதே போதுமானது. உப்பு போக நல்ல தண்ணீர் இருந்தால் சோப்புகூடத் தேவைப்படாது. இஸ்திரி போட வேண்டாம், போட்டே ஆக வேண்டுமென்றால் மிகக் குறைந்த சூட்டில் மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துப் போடுங்கள்.

கடலில் அடிக்கடி இறங்குபவர்கள், உராய்வு தாங்கும் உடை தேடுபவர்கள், ஒரே இழையால் ஆன துணியின் அருமை அறிந்தவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை கடற்கரைக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வருபவர்களுக்கு வீட்டில் இருக்கும் பருத்திக் கால்சட்டையே போதும். துணிக்கும் தையலுக்கும் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். வலை வந்த வழியை உடையின் சீட்டிலேயே எழுதும் நாளில், மூலப்பொருளுக்கும் அதே மதிப்பெண்ணைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.